ஒரு படித் தவிடு

டோக்கன் பதினான்கு. உள்ளே போயிருப்பது பதினொன்று. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் அரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடலாம், வாசலில் ஆட்டோ நிற்கிறது, யாரும் கையைப் பிடித்து நிறுத்தப்போவதில்லை என்று மங்கையர்க்கரசி நினைத்தாள். நினைத்ததோடு சரி, கால் எழும்பவில்லை. வண்ணார்பேட்டையில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரில் நாற்காலிகளையெல்லாம் ஒரே கம்பியில் கோத்துப் போட்டிருந்தார்கள், ஓரத்தில் ஒருவர் அசைந்தால் வரிசையே அசைந்தது, யாரோ முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள், யாரென்று குனிந்து பார்த்தால் ஆடுவது அவளுடைய முழங்கால்தான். பக்கத்தில் கோமதி, எட்டு வயது, டோக்கன் சீட்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, "ஓந்தே, தோதே, த்ரேதே, கத்தோர்தே" என்று பதினொன்றிலிருந்து பதினான்கு வரைக்கும் ஸ்பெயின்காரர்கள் பாஷையில் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா வாட்ஸப்பில் சொல்லிக் கொடுத்தது. "எல்லாத்துலயும் கடைசியில தே வருதும்மா, நாம விளையாட்டுக்கு ஏந்தே வாந்தேன்னு இழுக்க மாதிரி" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும், சிரிக்கிற நெஞ்சுக்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்தவுடனே, சே, நெஞ்சு என்று நினைத்துவிட்டோமே, மனசுக்குள் நினைத்தாலும் சொன்ன கணக்கா, வாயால் சொன்னால்தான் கணக்கா? இந்தச் சட்டத்தை யார் எழுதியது, யாரிடம் போய்க் கேட்பது? மடியில் இருந்த பையில் இன்சூரன்ஸ் படிவம் இருந்தது. ஆறு பக்கம். ஏழாவது கேள்வி மூன்றாம் பக்கத்தில். விண்ணப்பத்தில் உள்ள எவருக்கேனும், எப்போதேனும், இதயம் தொடர்பான குறைபாடு இருந்ததுண்டா? கோமதியின் பெயருக்கு நேராக, கோணாத அழகான கையெழுத்தில், இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் பன்னிரண்டு வருடம் படிவம் நிரப்பிய கை அது. மாற்றுச் சான்றிதழில் அங்க மச்ச அடையாளங்கள் வரைக்கும் ஒரு கட்டம் காலி விடாத கை. அந்தக் கைதான் இந்தப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தது, கடைசிப் பக்கத்தில், கீழே, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் படிவமும் இந்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் போய்ச் சேர வேண்டும். விசா ஏற்பாடு செய்கிற மேலப்பாளையம் ரவூஃப் நேற்றே சொல்லிவிட்டான். கோமதியின் அப்பா இருக்கும் ஸ்பெயினில் குடியிருக்க விசா வேண்டுமென்றால் தனியார் மருத்துவக் காப்பீடு வேண்டும், அதில் மூன்று இல்லை இருக்க வேண்டும். வைத்தியத்தில் நம் பங்காக எதுவும் தர வேண்டியது இல்லை, காத்திருப்புக் காலம் இல்லை, இந்த நோய்க்குக் கிடையாது என்று ஒதுக்கிவைத்த விலக்கு இல்லை. மூன்றில் ஒரு இல்லை குறைந்தாலும் விசா இல்லை. இப்படி ஒரு நாட்டுக்குள் போகும் வாசலை இல்லை இல்லை என்று கட்டியிருக்கிறார்களே என்று முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் பாலிசிப் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தாள், படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. நீங்கள் தெருவில் விழுந்தால் வண்டி வரும். பல் வலித்தால், பிரசவம் ஆனால், புத்தி பேதலித்தால், எலும்பு முறிந்தால். மனுசக் கட்டைக்கு என்னென்ன வரலாமோ அத்தனையையும் யாரோ ஒருவர் பதறாமல், வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். தன்னை ஒருநாளும் பார்த்திராத ஒரு ஆள், அவளுக்குப் பெயர் கூடத் தெரியாத ஊரில், ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து, நாளைக்கு இந்த மங்கையர்க்கரசி வழுக்கி விழுந்தால் என்று யோசித்திருக்கிறார்! பெற்றவர்கள் கூட அவ்வளவு யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. காப்பீடு பெற்றவர் அந்நாட்டில் இறக்க நேர்ந்தால் பூதவுடலைத் தாயகம் அனுப்பும் செலவு முழுவதும் கம்பெனியுடையது. மூன்று பேருக்கும். மூன்றாவது பேர் என்று யாரைச் சொல்கிறான் என்று ஒரு நிமிடம் புரியவில்லை, புரிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுக்களைக்குப் போய் நின்றாள். அவர் போனில் சொன்னார், அவர் என்றால் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், கயத்தாறில் கரண்டு எடுக்கிற காத்தாடிக் கம்பெனியில் பதினைந்து வருடம் ஏறி இறங்கிவிட்டு இப்போது ஆறு மாதமாகச் சரகோசா பக்கத்தில் அதே வேலை. "அரசி, நான் எண்பது மீட்டர் உயரத்துல நிக்கேன், எனக்கும் அதே பக்கம் உண்டு. எழுதி வச்சா நடக்கும்னு இல்ல. எழுதி வச்சா நடக்காது, அதுக்குத்தான் எழுதுதான்" என்றார். இது எப்படி இருக்கிறது! அங்கே எழுதினால் நடக்காதாம். இங்கே வாயைத் திறந்தால் நடந்துவிடும் என்று எட்டு வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு அவள் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

"தோதே" என்றாள் கோமதி. பன்னிரண்டை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பெரிய மனுசர் ஒருவர், மகன் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்தபடியே போனார். கோமதிக்கு முன்னால் ஒருவன் இருந்தான். பதினொரு நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை, பெயர் வைக்கிற நாள் வரவில்லை, அவனை எந்தப் படிவத்திலும் எழுத வேண்டி வந்ததில்லை. இரண்டாவதாக இவள் பிறந்து, நாலாம் நாள் டாக்டரம்மா குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கேட்கிற நேரம் கூடக் கூட மங்கையர்க்கரசிக்கு உயிர் கீழே கீழே போனது. சின்ன ஓட்டை, இரண்டு அறைக்கும் நடுச்சுவரில், அடைந்தாலும் அடையும், இல்லாவிட்டால் ஒரு வயதுக்கு மேல் ஆபரேஷன், பார்ப்போம் என்றார். அன்றைக்கு ஸ்கிரீனில் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, நீலமும் சிவப்புமாக, நடுவில் மெல்லிசாக ஒரு பீய்ச்சல், குழாயில் வாஷர் போனால் பக்கவாட்டில் அடிக்குமே, அப்படி. அந்த வார்டைக் கூட்டுகிற அம்மாதான், அவள் பேர் கூடத் தெரியாது, துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு வந்து சொன்னாள். "முந்தினதும் தங்கல, இதுக்கும் இப்படின்னா ஒங்கிட்ட இருக்கக் கூடாதுன்னு இருக்கு. தவுட்டுக்கு வித்துரு. ஒம் பிள்ளை இல்லன்னு ஆயிட்டா எமன் யார் வீட்டுல போய்த் தேடுவான்?" பி.காம். படித்தவள் மங்கையர்க்கரசி. கல்லூரியில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று பட்டிமன்றத்தில் பேசிக் கப்பு வாங்கியவள். மறுநாளே பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா வாசலில் போய் நின்றாள். அக்கா ஐந்து பெற்றவள், ஐந்தும் இரும்புத் தூண்கள், சளி என்று கூட ஒருநாள் படுத்ததில்லை. கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, அஞ்சைத் தூக்குதவளுக்கு ஆறு பாரமா? குடு இங்க. பாஸ்டர் காதுக்கு மட்டும் போயிராமப் பாத்துக்க" என்று பிள்ளையை வாங்கி, மாட்டுத் தவிட்டில் ஒரு படி அளந்து அவள் முந்தானையில் போட்டாள். போட்டவுடன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது எம் பிள்ளை. நீ பால் குடுத்து வளத்துக் குடு, சரியா? என்ன சீக்குன்னாலும் அது எனக்கு வந்த சீக்கு, நீ வாயால சொல்லாத" என்றாள். அந்தக் குரலில் இருந்தது விளையாட்டில்லை. அன்றைக்கு மங்கையர்க்கரசி தவிட்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுதாள், துக்கத்தில் அல்ல, இப்படியும் ஒருத்தி சாவைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்வாளா என்று.

தவிடு இன்னும் இருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில், சாமி அலமாரியில், வண்டு விழுந்து, சலித்து, வெயிலில் காய வைத்து, மறுபடி வண்டு விழுந்து. ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைக்கலாமா என்று ரவூஃபிடம் கேட்டதற்கு, "அக்கா, மாட்டுத் தீனி எல்லாம் பிளேன்ல ஏத்தவுட மாட்டான்க்கா" என்றான். தவிடு வாங்கிய நாளிலிருந்து அவள் என் பிள்ளை என்று சொன்னதில்லை. வீட்டில் பிள்ளை, வெளியில் நம்ம பிள்ளை, பாஸ்போர்ட் ஆபீசில் கவுண்டரில் இருந்தவர் உங்க குழந்தையா என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டில் கூப்பிடுவதே தவுட்டு என்றுதான். டாக்டரிடம் போவதையும் விட்டுவிட்டாள், அதுதான் கொடுமை, போனால் என்ன என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், இரண்டு தடவை போனதோடு நிறுத்தியாயிற்று. வீட்டுக்காரர் கோபித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் பிள்ளை ஓடுவதையும் மரம் ஏறுவதையும் பார்த்துவிட்டு அவரும் மறந்தார், அல்லது மறந்ததுபோல் இருந்தார். அவள் மறக்கவில்லை. பிள்ளை தூங்கும்போது உதட்டு நிறத்தைப் பார்ப்பாள், ஓடி வந்தால் மூச்சை எண்ணுவாள், ஓட்டை இருக்கிறதா அடைந்துவிட்டதா என்று தெரியாமலே எட்டு வருடம். அப்படியிருக்க ஏழாவது கேள்வி வந்தது. இல்லை என்று எழுதியபோது பொய் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அதை நினைத்தால்தான் இப்போது மயிர்க்கூச்செறிகிறது. அந்தச் சீக்கு ஜெபமணி அக்கா பிள்ளையுடையது, அக்கா பெயர் இந்தப் படிவத்தில் இல்லை, அப்படியானால் இல்லைதானே? அவ்வளவு சுத்தமான கணக்கு. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் இடித்தது. குழந்தைக்காகக் கையெழுத்திடுபவர் குழந்தைக்கு என்ன உறவு? அந்தக் கட்டத்தின் மேல் பேனா நின்றது, நின்றதுதான். ரவூஃபிடம் மட்டும் ஒருநாள் மென்று விழுங்கி, சின்ன வயசுல ஏதோ இருந்துச்சு தம்பி என்று இழுத்தாள். அவன் பதறிவிட்டான். "அக்கா, எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க. ஆமான்னு போட்டா விலக்குன்னு ஒரு வரி சேப்பான், விலக்கு இருந்தா விசா வராது, அண்ணன் அங்க, நீங்க இங்க." சரி என்று வந்துவிட்டாள். ஆனால் பதினாறாம் பக்கம் அவளுக்குத்தான் தெரியும், அவன் படித்திருக்க மாட்டான். தெரிந்து மறைத்தது பின்னால் தெரியவந்தால் பாலிசி முதல் நாளிலிருந்தே செல்லாது. பாஷை தெரியாத ஊரில் பிள்ளைக்கு மூச்சு முட்டி, வண்டி வந்து, பேரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, செல்லாது என்று அவன் கையை விரித்தால்? சொன்னால் வீடு ரெண்டாகும், சொல்லாவிட்டால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். விசாவுக்காக உடல் தகுதிச் சான்று எழுதுகிற டாக்டர் குழலை வைத்து எல்லாரையும் விட ஒரு மூச்சு கூடுதலாகக் கேட்டுவிட்டு, எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துருங்க என்று சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒரு மூச்சுதான் அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

"கத்தோர்தே! அம்மா, நம்மதான்!" என்று கோமதி குதித்ததில் நாற்காலி வரிசை முழுக்க ஆடியது. கதவில் டாக்டர் கு. பிச்சையா, இதயநோய் நிபுணர் என்று பலகை. பிச்சையா. முன்னால் பிறந்தவை தங்காமல் போய், கடைசியில் பிச்சையாகக் கிடைத்தவன் என்று வைக்கிற பேர். இவரையும் யாரோ ஒரு அம்மா எவன் கண்ணிலிருந்தோ ஒளித்து வைத்துத்தான் வளர்த்திருக்கிறாள், அந்த ஒளித்து வைத்த பேரையே பித்தளையில் பொறித்து, அதற்குப் பின்னால் படிப்பையும் போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறார் என்று அவள் மலைத்து நின்றுவிட்டாள். உள்ளே ஏசிக் குளிர். டாக்டருக்கு அறுபது வயது இருக்கும், காதில் முடி, நெற்றியில் கீற்றாகத் திருநீறு. "வாங்க தாயி, சட்டையைக் கழத்திட்டு இந்தப் பக்கமா ஒருச்சாய்ச்சுப் படுங்க" என்றார் கோமதியிடம். விளக்கை அணைத்தார்கள். பசையைத் தடவியதும் "ஐயோ, ஐஸ்!" என்று பிள்ளை சிரித்தாள், டாக்டர் கையிலிருந்த கருவியை விலா எலும்புக்கு நடுவே வைத்து லேசாகத் திருப்பினார், ஸ்கிரீனில் சாம்பல் நிறப் புகை கலைந்து கூடியது, கூடியதும் மங்கையர்க்கரசி ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது இருந்தது. நாலு அறை, நடுவில் சுவர், இரண்டு பக்கமும் மெல்லிய கதவுகள் திறந்து மூடி, திறந்து மூடி. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், இந்தப் பிள்ளை தோசை தின்றபோதும், வீட்டுப்பாடம் எழுதாமல் அடி வாங்கியபோதும், ஏந்தே வாந்தே என்று சிரித்தபோதும் ஒரு தடவை கூட நிற்காமல் இது இப்படித் திறந்து மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. யாரைக் கேட்டு? எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு? டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார், அறை முழுக்கக் குபுக் குபுக்கென்று சத்தம் நிறைந்தது, இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய சத்தமா என்று அவளுக்கு ஒரேயடியாகக் கும்பிட வேண்டும்போல இருந்தது. இன்னொரு பொத்தான். சிவப்பும் நீலமும் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுக்கு முன்னால எக்கோ எடுத்திருக்கீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். குரலில் ஒன்றும் இல்லை, ஆனால் கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அவள் கண்ணைத் திறந்தாள். "பிறந்தப்போ ஏதாவது சொன்னாங்களா? சும்மா தெரிஞ்சுக்கத்தான். யார் பிள்ளை, உங்க பிள்ளைதானே, இல்ல நீங்க சும்மா கூட வந்திருக்கவங்களா?" தவளை தன் வாயால் கெடும். ரவூஃப் சொன்னான், இல்லன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க. ஜெபமணி அக்கா சொன்னாள், நீ வாயால சொல்லாத. இரண்டு பேரும் நல்லதற்குத்தான் சொன்னார்கள், இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான், ஒருத்தன் விசாவுக்குச் சொன்னான், ஒருத்தி உயிருக்குச் சொன்னாள். அக்கா சொன்னதைக் கேட்டு எட்டு வருடம் உயிர் இருந்திருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல முடியுமா? இப்போது வாயைத் திறந்தால் எங்கேயோ தேடி அலுத்துப் போன எமன் திரும்பிப் பார்த்து, ஓ, இவள் பிள்ளையா என்று சொல்லிவிட்டால்? அக்கா எவ்வளவு தூரம் காப்பாள், சரகோசா வரைக்கும் அவள் கை நீளுமா, அங்கே மூச்சு முட்டினால் யார் சீக்கு என்று யார் யாரிடம் சொல்வது, தவிடு ஏறாத பிளேனில் அக்கா வாக்கு மட்டும் ஏறுமா? தான் செத்தால் கூடப் பரவாயில்லை, இந்தப் பிள்ளையை மட்டும் எந்தக் கண்ணுக்கும் தெரியாமல் அடிவயிற்றுக்குள்ளேயே திருப்பி வைத்துக்கொள்ள முடியாதா என்று இருந்தது அவளுக்கு. கோமதி தலையை மட்டும் திருப்பி, "டாக்டர், நான் தவுட்டுக்கு வாங்குன பிள்ளை. ஜெபமணி பெரியம்மா பிள்ளை. எங்கம்மா சும்மா வளக்காவ" என்றாள், ரொம்பப் பெருமையாக. அது அவள் எல்லாரிடமும் சொல்வதுதான், பள்ளிக்கூடத்தில் கூடச் சொல்வாள். ஆனால் இந்த இருட்டில், அந்தச் சத்தத்துக்கு நடுவில் அதைக் கேட்டபோது மங்கையர்க்கரசிக்கு நெஞ்சைப் பிடுங்கியது. சும்மா வளக்காவ. "என் பிள்ளை" என்றாள். மறுபடி சொன்னாள். "என் பிள்ளைதான் டாக்டர். நான் பெத்த பிள்ளை. பிறந்தப்போ என் பிள்ளை நெஞ்சுல ஓட்டை இருந்துச்சு." சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தாள். இப்போது நிற்கும். இந்த விநாடி. இதற்கு அடுத்த விநாடி. கதவு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. அவள் சொன்னது அதன் காதில் விழவே இல்லை. குபுக் குபுக்கென்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்படிச் சொல்லுங்க" என்றார் டாக்டர் பிச்சையா. ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினார். "இந்தா, இந்தச் சுவர்ல லேசா ஒரு புடைப்புத் தெரியுதா? ஓட்டை இருந்த இடம். பக்கத்துக் கதவுல இருந்து கொஞ்சம் சதையை இழுத்துத் தானே அடைச்சுக்கிட்டிருக்கு. ஒரு பொட்டு கூடக் கசியல. இருந்தது தெரியாம நான் ரிப்போர்ட் எழுதினா புடைப்புன்னு மட்டும்தான் எழுதணும், கம்பெனிக்காரன் என்னமோ ஏதோன்னு பயப்படுவான். இப்ப இருந்துச்சு, தானா அடைஞ்சிருச்சுன்னு எழுதலாம். ஒத்துக்குவானா மாட்டானான்னு நான் சொல்ல முடியாது. என் எழுத்து நிக்கும்." அவள் அந்தப் புடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், அரிசி மணி அளவு, அவ்வளவுதான். ஊசி இல்லை, நூல் இல்லை, பக்கத்தில் இருந்ததிடம் கொஞ்சம் வாங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்ததிடம்! ஜெபமணி அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது, சொன்னால் நம்புவாளா? கண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. "எனக்கு முன்னால மூணு பேர்" என்றார் டாக்டர் பசையைத் துடைத்துக்கொண்டே, பலகைப் பேரைப் பற்றி அவள் கேட்காமலே. "எங்கம்மா கடைசி வரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, மகனேன்னு ஒரு தடவை கூடக் கூப்பிடல. நான் கேட்டதும் இல்ல." விளக்கைப் போடச் சொன்னார்.

வெளியே வந்து அதே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். ரவூஃப் இரண்டு தடவை போன் பண்ணியிருந்தான், அப்புறம் பேசிக்கொள்ளலாம். விசா வரலாம், வராமலும் போகலாம், அவர் அங்கேயும் இவள் இங்கேயுமாக இன்னும் எத்தனை வருடமோ, அதை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அது மனுசர்களுக்கு வருகிற பயம், தாங்கக்கூடியது. தவிட்டை இன்றைக்கே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும், வண்டோடு சேர்த்து. அக்கா வைவாள், வையட்டும். ஏழாவது கேள்விக்கு எதிரே இருந்த இல்லையின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள், ஆம் என்று எழுதினாள், அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஆபீசில் அவள் எல்லாருக்கும் சொல்லும் சட்டம், போட்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கோமதி எட்டிப் பார்த்து, "அம்மா, ஒரு கட்டம் விட்டுட்டீங்க" என்றாள். "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு என்ன உறவு என்ற இடத்தில் தாய் என்று எழுதினாள்.